கேட்காமல் ஊட்டும் கைகள்

1

போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மாள் எதிரே வந்தார். தலையில் தொப்பி, கையில் தோல்பை, மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருகிற முகம். என் மகள் கஸ்தூரியைப் பார்த்ததும் நின்றார். பையைத் திறந்து பளபளக்கிற தாளில் சுற்றிய ஒரு மிட்டாயை எடுத்தார். எடுத்தவர் அதைக் குழந்தையிடம் நீட்டவில்லை. என்னைப் பார்த்து, "கொடுக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சரி என்று சிரித்துவிட்டு, மிட்டாயைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஏன் வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு, அதனால ஒண்ணும் ஆயிடாது" என்று சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுக் குழந்தையின் வாயில் அதைத் திணிக்கவும் இல்லை. இந்த ஊருக்கு வந்து மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் ஒரு கை மிட்டாயோடு என் மகள் பக்கம் வந்தால் நான் இன்னமும் எதையாவது இறுகப் பிடித்துக்கொள்கிறேன். அன்றைக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் மீதிப் படிகளை இறங்கினேன்.

நான் இருப்பது பிரான்சின் வடக்கே, கடலோரத்தில் ஒரு இரும்பாலை ஊர். என் கணவர் அந்த ஆலையில் வேலை செய்கிறார். கஸ்தூரிக்கு எட்டு வயது. ஓடுவாள், சைக்கிள் விடுவாள், என்னிடம் வாய்க்கு வாய் பேசுவாள். சாப்பாடு மட்டும் வாய் வழியாக இல்லை. வயிற்றில் இடது பக்கம், விலா எலும்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிறிய ரப்பர் குழாய் இருக்கிறது. அதன் நுனியில் புனலைச் செருகி உயர்த்திப் பிடித்து, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். இரண்டரை வயதிலிருந்து அவள் அப்படித்தான் வளர்ந்தாள். ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு "ஐயோ பாவம்" என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் என் பயம் அந்தக் குழாயைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நான் திருவள்ளூர் பக்கம் வேப்பம்பட்டில் பிறந்தவள். எங்களுடையது நெல் போடுகிற குடும்பம். கணவர் புதுச்சேரிக்காரர். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அந்தக் காகிதங்களை அவர் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். அப்போதுதான் அங்கே ஷெட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறையும் சமையலறையுமாக வாடகைக்கு இருந்தோம்.

கஸ்தூரிக்குக் காய்ச்சல் வந்தது அந்த வீட்டில்தான். அந்த வருடம் எங்கள் தெருவில் இளம்பிள்ளை வாதம் ஏற்கெனவே ஒரு பையனின் காலை எடுத்திருந்தது. காய்ச்சல் விட்டதும் நானும் அவரும் குழந்தையின் கைகால்களைத்தான் நீட்டி மடக்கிப் பார்த்தோம். எல்லாம் அசைந்தன. சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு ஒரு பாலாடைத் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. கையும் காலும் தப்பி, தொண்டை போயிருந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பிறகு வயிற்றில் துளை போட்டு வைத்தார்கள். பெரிய டாக்டர் என் கணவரிடம் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார். என் பக்கம் திரும்பித் தமிழில் கொஞ்சம்தான் சொன்னார். "வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதும்மா. குடுத்தா வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். தொண்டை திரும்பி வரலாம். வராமலும் போகலாம்." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

வார்டில் இருந்த நர்ஸ் ஒருவர்தான் புனல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். உயர்த்தினால் கஞ்சி வேகமாக இறங்கும், தாழ்த்தினால் நிற்கும், கடைசியில் வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். குழாய் நழுவி வெளியே வந்துவிட்டால் துளை சீக்கிரமே மூடிக்கொள்ளும், உடனே இன்னொன்றைச் செருகிவிட வேண்டும் என்றார். அதனால் கொதிக்க வைத்த ஒரு குழாயைத் துணியில் சுற்றி எப்போதும் என் இடுப்பிலேயே செருகியிருந்தேன். மற்றப் பெண்கள் சாவிக்கொத்து செருகுகிற இடம் அது.

அந்த நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். குழந்தைக்குச் சொன்னால் புரிகிற வயது வந்ததும், சாப்பாட்டை நாக்கில் கொஞ்சம் வைத்து ருசி பார்க்கவிட்டுத் துப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாக்குக்கு எல்லாம் மறந்துவிடும். அப்படியே பழக்கினேன். ரசம், பருப்பு, முருங்கைக்கீரைச் சாறு என்று எது வைத்தாலும் கன்னத்தில் ஒதுக்கிச் சப்புக்கொட்டி, கிண்ணத்தில் துப்புவாள். துப்பிவிட்டு, "உப்பு கம்மி" என்பாள். ஒரு வாய் விழுங்காதவள் என் சமையலுக்குக் குறை சொல்வாள். எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

அந்த ஊரில் ஆலைத் தூசி கறுப்பாக வந்து துவைத்த துணியில் படியும். கொதிக்க வைத்த தண்ணீரில் அது விழுந்துவிடுமோ என்று பயம். கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு திப்பி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளுமோ என்று பயம். பழைய வேட்டித் துணியில் வடித்ததையே மறுபடியும் வடிப்பேன். ஆனால் இவையெல்லாம் என் கைக்குள் இருக்கிற பயங்கள். கழுவினால் போகும், வடித்தால் போகும். வாசலைத் தாண்டினால் இருந்தது வேறு.

3

நம் ஊரில் ஒரு குழந்தையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பெயர் கேட்பதற்கு முன்னால் வாயில் ஏதாவது வைத்துவிடுவார்கள். கடைக்காரர் பொட்டுக்கடலை கொடுப்பார், பூக்காரி வாழைப்பழம் உரிப்பாள், பக்கத்து வீட்டில் வடை சுட்டால் முதல் வடை நம் வீட்டுக் குழந்தைக்கு. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி, அதற்கு யாரும் பெற்றவளைக் கேட்பதில்லை. நானும் அந்த நோய்க்கு முன்னால் தெருவில் போகிற எத்தனையோ குழந்தைகளுக்குக் கொடுத்தவள்தான்.

வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் கை எனக்கு ஆகாது என்று சொல்கிறோம்.

ஒரு தடவை ரயிலில் வேப்பம்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து பேசின் பிரிட்ஜ் போய் வண்டி மாற வேண்டும். பொன்னேரியில் பழவேற்காட்டு மீன்காரப் பெண்கள் கூடைகளோடு ஏறினார்கள். ஒரு அம்மா எங்களுக்கு எதிரே கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில் மடியிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்துக் கஸ்தூரியின் வாய்க்கு நேரே கொண்டுபோய்விட்டார். நான் பார்த்ததும் என் கை தானாக ஓங்கி அவர் கையைத் தட்டிவிட்டது. கமர்கட்டு கூடைக்குள் விழுந்தது.

வண்டியே எங்களைப் பார்த்தது.

"இன்னாம்மா நீ?" என்றார் அவர். "புள்ளைக்கு ஒரு கமர்கட் குடுத்தா கைய தட்டுவியா? நான் இன்னா வெசமா குடுத்துட்டேன்?"

"அதில்லம்மா, அவளுக்கு ஒடம்பு..."

"இன்னா ஒடம்பு? குதிர மாதிரி குந்திகினு கீது. மீன்காரி கைன்னு சொல்லேன். அத சொல்றதுக்கு இன்னா வெக்கம்?"

 அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை இடத்தில் அவர் கையை யார் யார் தட்டிவிட்டிருப்பார்களோ, அத்தனையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. என்ன சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. நான் கஸ்தூரியின் கவுனைத் தூக்கினேன். அவள் வயிற்றில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, பிளாஸ்திரியையும் குழாயையும் காட்டினேன்.

அவர் கூடையை மிதித்துவிட்டு எழுந்தார். "ஐயோ, எம் மவளே! எனக்கு தெரியாதுடி கண்ணு, தெரியாது" என்று குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் எழுந்து வந்து மறுபடியும் கவுனைத் தூக்கிப் பார்த்தார். நான் தடுக்கவில்லை.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யாராவது எதையாவது நீட்டினால் கவுனைத் தூக்கிக் காட்டுவேன். வாயால் சொல்லிச் சண்டை போடுவதைவிட அது சுலபமாக இருந்தது. கொஞ்ச நாளில் கஸ்தூரியே கற்றுக்கொண்டாள். ஒரு கை நீண்டாலே போதும், தானாகக் கவுனைத் தூக்கிக்கொண்டு, "எனுக்கு சோறு இங்க" என்று வயிற்றைக் காட்டுவாள். பார்க்கிறவர்கள் அழுவார்கள். ஏன் அழுகிறார்கள் என்று இவள் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள்.

4

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். என் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு அம்மா மாதிரி இருந்தவர் முனியம்மா பெரியம்மா. அவர் ஆள்மேல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதால் போயிருந்தோம். கஸ்தூரிக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. பெரியம்மாவுக்குக் குழாய் விஷயம் முழுவதும் தெரியும். புனல் பிடிக்கக்கூடத் தெரியும். அந்த ஒரு வீட்டில்தான் நான் குழந்தையை விட்டுவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போவேன்.

மதியம் நான் அடுப்பில் குழாயைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வந்து, "சரோஜா, கொயந்தய கோயிலாண்ட இட்டுகினு போய் வரேன்" என்றார். சரி என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெருவில் ஒரு பெண் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சரோஜாக்கா! உம் பொண்ணு கூழு குடிக்கிதுக்கா! ஆத்தா கண்ண தொறந்துட்டா!"

என் காதில் டாக்டர் சொன்னது மட்டும்தான் கேட்டது. கையிலிருந்த இடுக்கியை எங்கே போட்டேன் என்று தெரியாது. தெருவில் ஓடினேன். கோயில் பக்கமிருந்து குலவைச் சத்தம் வந்தது. என் பிள்ளை மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்கும்போது ஊரே குலவை போடுகிறது என்று நினைத்தேன். ஓடும்போதே அவர்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆத்தாவையும் விடவில்லை.

பாதித் தெருவில் கஸ்தூரி எதிரே வந்தாள். தனியாக முன்னால் நடந்து வந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, உதடு இறுக்கி மூடியிருந்தது, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் சொம்பும் கையுமாகப் பெரியம்மாவும், அவருக்குப் பின்னால் பாதி ஊரும். கூழைத் துப்பக் கிண்ணம் இல்லை. பெரியம்மா கொடுத்ததைக் கீழே துப்பக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் கோயிலிலிருந்து அதை வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைத் தேடி நடந்து வந்திருக்கிறாள். நான் மண்டியிட்டுக் கையைக் குவித்தேன். என் கையில் துப்பினாள். துப்பிவிட்டு இருமினாள். அந்த இருமல் சாயங்காலம் வரை நிற்கவில்லை.

"நான் வேண்டிகினேன்டி," என்று பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "இந்த ஆடிக்கு ஆத்தா கூழு அது தொண்டையில எறங்கணும்னு மண்சோறு துன்னு வேண்டிகினேன். ஆத்தா கூழு நிக்கவே நிக்காதுன்னு நம்பிட்டேன்டி."

வாயில் வைத்திருந்தது போக, கொஞ்சம் உள்ளே போய்விட்டது. மறுநாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அடித்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மறுபடியும் கிடந்தோம். மூச்சு இழுக்கும்போது விலாவெல்லாம் குழியும். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பெரியம்மா வார்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டார். நாஷ்டா வாங்கிக் கொடுத்தால் தொடவில்லை. "அது பொயச்சி வரட்டும், அப்பறம் துன்றேன்" என்றார். அவரைத் திட்டுவதற்கு நான் மனதில் எடுத்து வைத்திருந்தது அத்தனையும் அங்கே வீணாகப் போயிற்று. அவரைவிட என் பிள்ளைமேல் அன்பாக இருக்கிறவர் உலகத்தில் யாரும் கிடையாது. அவர் கொடுத்ததுதான் அவளைக் கொல்லப் பார்த்தது.

குழந்தை பிழைத்தாள். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று என் கணவர் டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து, அடியில் கிடந்த காகிதங்களை எடுத்து உதறினார்.

"போயிடலாம், சரோ," என்றார். "இங்க இருந்தா இந்தப் பிள்ளைய அன்பாலயே கொன்னுடுவாங்க."

5

இங்கே வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். ரப்பர் குழாய்கள், புனல், வேட்டித் துணி, மூட்டை மூட்டையாகக் கேழ்வரகு மாவு. மாவை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் கஸ்தூரி பொறுமை இழந்து, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் கவுனைத் தூக்கினாள். பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அலுவலகங்கள். கணவருக்குக் குடியுரிமை உண்டு, மகளுக்கும் உண்டு, ஆனால் அவள் அவருடைய மகள்தான் என்பதற்கு மொழிபெயர்த்து முத்திரை குத்திய காகிதம் வேண்டும். அதைக் கொடுத்தால், மொழிபெயர்த்தவர் முத்திரை குத்தத் தகுதி உள்ளவர்தானா என்பதற்கு இன்னொரு காகிதம். பள்ளிக்கூடத்தில் மதியம் நான் வந்து குழாயில் ஊற்ற அனுமதி கேட்டால், ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதி வாங்கி வா என்றார்கள். இந்தப் பேஜாரில் என் கணவருக்கு நெற்றி முடி கொட்டிவிட்டது. நான் மருந்துக்கடையில் போய் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லில் குழாய் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையாக வெளியே வந்து, தெருக்கோடியில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சாமான் விற்கிற கடையைக் கை காட்டினார்.

எல்லாம் சேர்ந்து எங்களைப் படாத பாடு படுத்தியும் நான் இங்கே நிம்மதியாக இருந்தேன். காரணம், இங்கே யாரும் கேட்காமல் என் பிள்ளையின் வாய்ப்பக்கம் வருவதில்லை. பேருந்தில் வருவதில்லை, கடையில் வருவதில்லை. நம்மைப் பார்ப்பதே இல்லை. முதல் குளிர்காலம் முழுக்க ஒரு மனிதர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அது எனக்கு வரமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பலகாரத் தட்டோடு யாரும் வராத வீட்டில் நான் முதல் தடவையாகக் கதவைத் தாழ் போடாமல் உட்கார்ந்தேன்.

பள்ளியில் முதல் நாள், பக்கத்தில் இருந்த பெண் ரொட்டியைப் பிட்டு நீட்டியிருக்கிறாள். இவள் வழக்கம் போலக் கவுனைத் தூக்கியிருக்கிறாள். அந்தப் பெண் வீறிட்டாள். ஆசிரியை கஸ்தூரியின் கவுனை இழுத்துவிட்டு, இங்கே அப்படியெல்லாம் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.  அதற்குப் பிறகு என் மகள் யாருக்கும் வயிற்றைக் காட்டியதில்லை. மதியம் நான் புனலோடு போனால் முதலில் கதவைச் சாத்தச் சொல்வாள். என்னோடு தெருவில் நடந்தால் இரண்டு அடி முன்னால் போவாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எனக்குப் புரியாது என்று தெரிந்தே சொல்கிறாளோ என்று சில நேரம் சந்தேகம் வரும்.

6

இந்த வசந்தத்தில் இங்குள்ள டாக்டர் அவளுக்கு வெள்ளையாக ஒரு மருந்தைக் கொஞ்சம் வாயில் கொடுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு வெள்ளைக் கோடு கழுத்து வழியாக நேராகக் கீழே இறங்கியிருந்தது. தொண்டைச் சதை திரும்ப வந்திருக்கிறது, மெதுவாகப் பழக்கினால் வாயால் சாப்பிடலாம் என்றார். என் கணவர் அங்கேயே அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கோடு கொஞ்சம் வழி தவறினால் என்ன ஆகும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு நாள் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, கஸ்தூரிக்குக் கூழாக மசித்த பழமும் தயிரும் ஊட்டுவாள். ஒவ்வொரு வாரமும் வெளியே வந்து, நன்றாக விழுங்கினாள் என்று கட்டை விரலை உயர்த்துவாள். வீட்டில் நான் அதே தயிரை அதே கரண்டியில் கொடுத்தால் கஸ்தூரி வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். கண்ணை என் முகத்திலேயே வைத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தை இழுத்துத் துப்பிவிடுவாள்.

கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவள் துப்பும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இன்றைக்குத் தப்பித்தோம் என்று.

போன வாரம் டாக்டர் அவளிடமே கேட்டுவிட்டார், வீட்டில் ஏன் விழுங்குவதில்லை என்று. அவள் காலை ஆட்டிக்கொண்டே பிரெஞ்சில் சரசரவென்று பதில் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "கரண்டி அவ வாய்க்கிட்ட வந்ததும் நீ மூச்ச நிறுத்திடறியாம். கண்ண சிமிட்டறதே இல்லையாம். உன் மூஞ்சியப் பார்த்தா, விழுங்கினா செத்துடுவோம்னு தோணுதாம் அவளுக்கு."

 ஊரார் கையிலிருந்தெல்லாம் அவளைக் காப்பாற்றிக்கொண்டு இத்தனை தூரம் வந்தேன். இப்போது அவளுக்கும் ஒரு வாய்ச் சோற்றுக்கும் நடுவில் நிற்பது என் முகம்தான் என்கிறார்கள். இதற்கு நான் எந்த ஊருக்குப் போவது?

7

இன்று புதன்கிழமை. இங்கே புதன்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மதியம் புனலைக் கழுவிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி சமையலறைக்கு வந்து, நான் எனக்காகப் பிசைந்து வைத்திருந்த தயிர்சாதத்தை எட்டிப் பார்த்தாள்.

"இத்த இன்னும் கொயய பெசஞ்சி குடு," என்றாள். பெரியம்மாவிடம் கற்ற தமிழ் சோற்றுக்கு மட்டும் அவள் வாயில் மிச்சம் இருக்கிறது.

பிசைந்தேன். பருக்கை தெரியாமல், விரல் வலிக்கிற வரை பிசைந்தேன். கரண்டியை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நானே துன்றேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"கஸ்தூரி, வேணாண்டி. அப்பா வந்துடட்டும்."

"திரும்பிக்கோம்மா. பாத்தியானா துப்பிடுவேன்."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே காற்றில் யாருடைய துணியோ கொடியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. அவர் அங்கேதான் இருக்கிறார், ஓடினால் எவ்வளவு நேரமாகும், கீழ்வீட்டு அம்மாள் வீட்டில் டெலிபோன் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு எந்த எண் என்றெல்லாம் மனம் ஓடியது. பின்னால் நாற்காலி நகர்ந்தது. கரண்டி கிண்ணத்தில் இடித்தது. அப்புறம் சத்தமே இல்லை.

சத்தம் இல்லாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் கரண்டி இடித்தது. அப்படியானால் முதல் வாய் எங்கே? கன்னத்தில் இருக்கிறதா, உள்ளே போய்விட்டதா, எதற்குள் போனது? திரும்பிவிடலாம் என்று கழுத்து துடித்தது. ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் இருமினாள்.

அந்த இருமலை நான் அறிவேன். வேப்பம்பட்டுத் தெருவிலும் மெட்ராஸ் வார்டிலும் கேட்டது அது. இன்னொரு தடவை இருமினாள், இன்னும் ஆழமாக. நாற்காலி கிரீச்சிட்டது. கரண்டி கீழே விழுந்தது. நான் திரும்பவில்லை. எப்படித் திரும்பாமல் நின்றேன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கண்ணாடியில் என் உருவம் தெரிந்துவிடுமோ என்று கண்ணையும் மூடிக்கொண்டேன்.

இருமல் நின்றது. அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்னிடமிருந்தும் இல்லை.

"அம்மா," என்றாள் பின்னாலிருந்து. "மூச்சு வுடும்மா."